பந்திக்கு முந்தியவர்கள்

2021 ஆகஸ்ட் 15, திருவனந்தபுரம். பாரதிய ஜனதா கட்சியின் மாநில அலுவலகத்தில் மாநிலத் தலைவர் கே. சுரேந்திரன் கொடிக்கயிற்றை இழுக்கிறார். சுற்றிலும் தொண்டர்கள் விறைப்பாக நிற்கிறார்கள். கொடி ஏறத் தொடங்கிய பிறகுதான் யாருக்கோ உறைக்கிறது: பச்சை மேலே, காவி கீழே. அவசர அவசரமாக இறக்கி, திருப்பிக் கட்டி, மறுபடி ஏற்றினார்கள். மார்க்சிஸ்ட் கட்சி சும்மா இருக்குமா? புகார் போனது, வழக்கும் பதிவானது.

புகார் கொடுத்த கட்சியின் கதையையும் கேளுங்கள். அதே ஊர், அதே நாள், அந்தக் கட்சியின் மாநிலத் தலைமையகமான ஏ.கே.ஜி. சென்டர். இங்கே கொடி நேராகத்தான் ஏறியது. ஆனால் பக்கத்திலேயே அரிவாள் சுத்தியல் கொடி. தேசியக் கொடியை ஒட்டி இன்னொரு கொடி பறக்கலாமா, கொடி விதி தெரியாதா என்று காங்கிரஸ் தரப்பு அவர்கள்மேல் புகார் சொன்னது.

நாடு விடுதலையாகி 74 ஆண்டுகள் முடிந்த நாள் அது. ஒரு கட்சிக்குக் கொடியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில் குழப்பம். இன்னொரு கட்சிக்கு எங்கே நடுவது என்பதில் குழப்பம். இந்த இரண்டு தரப்பும்தான் ராத்திரி ஆனால் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, தேசபக்தி என்றால் என்ன என்று நமக்கு வகுப்பு எடுக்கின்றன.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது நம் ஊர்ப் பழமொழி. படை நடந்த அன்று இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று ஒருதரம் பார்த்துவிடலாம்.

1942 ஆகஸ்ட் 8. பம்பாய் கோவாலியா குளம் மைதானத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. பொழுது விடிவதற்குள் காங்கிரஸ் தலைவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஊர் ஊராகத் தந்திக் கம்பி அறுந்தது, தண்டவாளம் பெயர்ந்தது, துப்பாக்கி வெடித்தது. இந்து மகாசபைத் தலைவராக இருந்த சாவர்க்கர், அரசாங்கப் பதவிகளில் இருந்த தம் ஆட்களை அவரவர் நாற்காலியிலேயே இருக்கச் சொன்னார். அதே சபையின் சியாமா பிரசாத் முகர்ஜி அப்போது வங்காளத்தில் மந்திரி; இயக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்று ஆங்கிலேய கவர்னருக்கே யோசனை சொல்லிக் கடிதம் எழுதினார். 1925இல் நாக்பூரில் பிறந்த ஆர்.எஸ்.எஸ்., அமைப்பு என்ற முறையில் இதில் இறங்கவே இல்லை. தினசரி ஷாகா பயிற்சி நேரம் தவறக் கூடாதல்லவா!

தோழர்கள் எங்கே? 1941 ஜூன் வரை அவர்களுக்கு அது ஏகாதிபத்திய யுத்தம். ஜூன் 22ஆம் தேதி ஹிட்லர் சோவியத் நாட்டுக்குள் புகுந்தான். யுத்தத்தின் ஜாதகமே மாறிப்போனது. சில மாதங்களில் அதுவே ‘மக்கள் யுத்தம்’ ஆயிற்று. 1942 ஜூலையில் ஆங்கிலேய அரசு கம்யூனிஸ்ட் கட்சி மேலிருந்த தடையை நீக்கியது. ஆகஸ்டில் ஊர் பற்றி எரிந்தபோது கட்சி தொழிலாளர்களிடம், வேலைநிறுத்தம் வேண்டாம், உற்பத்தி குறையக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு தரப்பு பதவியில் மும்முரம், மறு தரப்பு கோட்பாட்டில் மும்முரம். வெள்ளைக்காரனுக்கு இரண்டுமே வசதி.

தனி ஆட்களின் தியாகத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். சாவர்க்கர் கருணை மனுக்கள் போட்டதும் உண்மை, அந்தமான் கொட்டடியில் பத்தாண்டு கிடந்ததும் உண்மை. ஆர்.எஸ்.எஸ். நிறுவனர் ஹெட்கேவார் 1930இல் வன சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். மீரட் சதி வழக்கில் கம்யூனிஸ்ட்டுகள் வருடக்கணக்கில் கம்பி எண்ணினார்கள். அவர்கள் பட்ட அடியைக் காட்டி இன்று கல்லா கட்டுகிறார்களே, வழக்கு அவர்கள்மேல்தான்.

சரி, சுதந்திரம் வந்தது. வந்ததையாவது ஒப்புக்கொண்டார்களா? ஆர்.எஸ்.எஸ். சார்பு ஏடான ‘ஆர்கனைசர்’, 1947 ஆகஸ்டில், மூவர்ணக் கொடியை இந்துக்கள் ஒருநாளும் தமதாக்கிக்கொள்ள மாட்டார்கள், மூன்று என்ற எண்ணே கெடுதல் என்று எழுதியது. கம்யூனிஸ்ட் கட்சி 1948இல் கல்கத்தாவில் மாநாடு கூட்டி, கிடைத்த சுதந்திரமே பொய் என்ற வழிக்குப் போனது. அவர்களுக்குக் கொடி பிடிக்கவில்லை. இவர்களுக்குச் சுதந்திரமே பிடிக்கவில்லை. இங்கே பெரியாரும் அந்த ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார். ஆனால் அவர் அதற்கப்புறம் யார் வீட்டு வாசலிலும் நின்று, நீ தேசபக்தனா என்று கேட்கவில்லை. அதனால் அவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார்.

காந்தி கொலைக்குப் பிறகு ஆர்.எஸ்.எஸ். மேல் விழுந்த தடை 1949இல் நீங்கியது. தேசியக் கொடிக்கும் அரசியல் சட்டத்துக்கும் கட்டுப்படுவோம் என்று ஆர்.எஸ்.எஸ். ஒத்துக்கொண்ட பிறகு நீங்கியது. 1950இல் நாக்பூர் தலைமையகத்தில் கொடி ஏற்றினார்கள். அடுத்து எப்போது ஏற்றினார்கள்? 2002 ஜனவரி 26. நடுவில் 52 வருடம். தனியார் கொடியேற்றக் கட்டுப்பாடு இருந்தது என்று ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் ஏற்றுவதற்கு எந்தக் காலத்திலும் தடையில்லை என்பது, மிட்டாய்க்காகப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசை கட்டி நின்ற பிள்ளைக்குக்கூடத் தெரியும். 2001 ஜனவரி 26 அன்று மூன்று இளைஞர்கள் பொறுமை இழந்து, நாக்பூரில் ஆர்.எஸ்.எஸ். வளாகத்துக்குள் புகுந்து வலுக்கட்டாயமாகக் கொடியை ஏற்றினார்கள். அவர்கள்மேல் வழக்கு. 2013இல்தான் விடுதலையானார்கள். 1923இல் கொடி சத்தியாகிரகம் நடத்தி, மூவர்ணத்தைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போன அதே நாக்பூர்!

மார்க்சிஸ்ட் கட்சி இன்னும் நிதானம். எல்லாக் கட்சி அலுவலகங்களிலும் தேசியக் கொடி ஏற்றுவது என்ற முடிவுக்கு அது வந்ததே 2021இல்தான். வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தில் அவசரத்துக்கு இடமில்லை.

இரண்டு பேருமே தாமதம். ஆனால் தாமதத்துக்கான காரணம் வேறு வேறு. வலதுசாரிக்கு நாடு என்பது பாட்டன் சொத்து. பட்டா ஆதியிலிருந்து ஒரே குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. மற்றவர்கள் ஒண்டுக்குடித்தனம், பார்த்து நடந்துகொள்ள வேண்டும். இடதுசாரிக்கு அதே நாடு அஸ்திவாரம் மட்டும் போட்டு நிற்கிற வீடு. கிரகப்பிரவேசம் புரட்சிக்குப் பிறகு, அதுவரை இதை வீடு என்று சொல்வதே பூர்ஷ்வாத்தனம். மழைக்கும் வெயிலுக்கும் இன்றைக்கு அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவன் இரண்டு பேர் கணக்கிலும் வருவதில்லை.

பட்டா எழுதிய விதத்தைப் பாருங்கள். 1923இல் வந்த ‘ஹிந்துத்வா’ நூலில் சாவர்க்கர் ஒரு சட்டம் போட்டார்: இந்த மண் ஒருவனுக்குத் தந்தையர் நாடாக இருந்தால் மட்டும் போதாது, புண்ணிய பூமியாகவும் இருக்க வேண்டும். முடிந்தது கதை. மக்காவைப் பார்த்துத் தொழுகிறவனும் பெத்லகேமைப் பாடுகிறவனும் ஆயிரம் வருடம் இங்கேயே உழுது, இங்கேயே செத்து, இங்கேயே புதைந்தாலும் சான்றிதழில் முத்திரை விழாது. ஆர்.எஸ்.எஸ். தலைவராக இருந்த கோல்வல்கர் தம் நூலில் உள்நாட்டு அபாயங்கள் என்று வரிசைப்படுத்தியபோது முஸ்லிம், கிறிஸ்தவர், கம்யூனிஸ்ட் என்று மூன்றைச் சொன்னார். பட்டினியும் தீண்டாமையும் அந்தப் பட்டியலில் இல்லை. அவை பாட்டன் காலத்துச் சாமான்கள் போலிருக்கிறது.

தோழர்களுக்கு வேறு வியாதி: கூச்சம். வியட்நாமுக்கு ஊர்வலம் போக முடியும், கியூபாவுக்குக் கோதுமை அனுப்ப முடியும். சொந்த நாட்டை நேசிக்கிறேன் என்று சொல்லும்போது மட்டும் தொண்டையில் ஏதோ அடைக்கும். 1962இல் சீனப் படை எல்லை தாண்டியபோது, தாக்கியது யார் என்ற எளிய கேள்விக்கே கட்சிக்குள் ஒருமித்த பதில் வரவில்லை. இரண்டு வருடத்தில் கட்சியே இரண்டாயிற்று. அதற்கும் பிறகு வந்த நக்சல்பாரித் தம்பிகள், சீனத்துத் தலைவரே எங்கள் தலைவர் என்று கல்கத்தாச் சுவரில் எழுதினார்கள். எதிரிக்கு இதைவிட நல்ல போஸ்டர் யாரால் அடித்துக் கொடுக்க முடியும்? கொடியையும் கீதத்தையும் நாட்டின் பெயரையும் கீழே போட்டுவிட்டு இவர்கள் தத்துவம் பேசப் போனார்கள். எதிர்த்தரப்பு குனிந்து எடுத்துக்கொண்டது. கீழே கிடந்ததை எடுத்தவனைத் திருடன் என்று சொல்வதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும்.

எடுத்துக்கொண்டவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள்? தடியாகப் பயன்படுத்தினார்கள்.

2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாத் திரையரங்கிலும் படத்துக்கு முன்னால் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டு நிற்பதா, கையில் பிடித்துக்கொண்டே நிற்பதா என்று தேசம் முழுக்க ஆழ்ந்த சிந்தனை. கோவாவில் அந்த உத்தரவுக்கும் முன்னாலேயே, முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் நடமாடும் எழுத்தாளர் ஒருவர் கீதம் ஒலிக்கும்போது எழவில்லை என்று பின்னாலிருந்து அடி வாங்கினார். எழுந்து நிற்க முடியாதவரை, எழுந்து நிற்கவில்லை என்று அடித்தார்கள். டிசம்பரில் சென்னைத் திரையரங்கு ஒன்றில் எழாமல் இருந்தவர்களோடு தகராறு செய்து கைநீட்டினார்கள். வழக்கு எழாதவர்கள்மேல் பதிவானது. தேசிய கீதம் பாடி முடிக்க 52 வினாடி. கொடிக்கம்பத்தை 52 வருடம் காலியாக வைத்திருந்த பரம்பரையின் பக்தர்களுக்கு, 52 வினாடி உட்கார்ந்திருந்தவனைப் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கீதத்தை எழுதிய தாகூரோ, தேசியவாதம் என்ற வெறியைப் பற்றி 1916இல் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய் எச்சரித்துவிட்டு வந்தவர். இன்று அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தால் முதல் அடி அவருக்குத்தான். 2018 ஜனவரியில் நீதிமன்றமே கட்டாயம் இல்லை என்று இறங்கி வந்தது. அதற்குள் யாரை அடிக்கலாம் என்பது ஊருக்குப் பழகிப்போயிருந்தது.

அடுத்தது துணி வியாபாரம். தேசியக் கொடி என்றால் கையால் நூற்று, கையால் நெய்த துணி என்பது வெறும் விதி மட்டுமல்ல, அது சுதந்திரப் போரின் மிச்சம். சென்னிமலை நெசவாளர் வீட்டுப் பிள்ளை குமரன், 1932 ஜனவரியில் திருப்பூர்த் தெருவில் மண்டை உடைந்து விழுந்தபோதும் விடாமல் பிடித்திருந்தது அந்தத் துணியைத்தான். 2021 டிசம்பர் 30 அன்று அரசாங்கம் கொடி விதியைத் திருத்தியது. இனி இயந்திரத்தில் செய்யலாம், பாலியஸ்டரிலும் செய்யலாம். கொடிக்கென்றே தரச்சான்று பெற்றுக் கதர் நெய்துவந்த கர்நாடக ஹூப்ளியின் சங்கத்தார் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். தேசபக்தி பொங்கி வழிந்த ஆண்டில், தேசியக் கொடியை நெய்கிறவர்களுக்குப் பிழைப்பு போனது. இதைவிடப் பெரிய அங்கதத்தை எழுத நமக்குத் திராணி இல்லை.

2022 ஆகஸ்டில் வீடுதோறும் கொடி. தபால் ஆபீஸில் 25 ரூபாய். ஹரியானா கர்னால் மாவட்டத்தில் ஒரு ரேஷன் கடைக்காரர், 20 ரூபாய்க்குக் கொடி வாங்கினால்தான் கோதுமை என்று சொன்ன காட்சி வெளியே வந்தது. பிறகு கடை உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். கொஞ்சம் அந்த வரிசையில் நின்று பாருங்கள். இலவச கோதுமைக்கு வந்தவன், பையில் இருக்கிற சில்லறையைத் தடவிப் பார்க்கிறான். இருபது ரூபாய்க்கு அவன் வீட்டில் ஒருவேளை பருப்பு வேகும். அவனிடம் கொடியை நீட்டி, முதலில் தேசபக்தி, அப்புறம்தான் ரொட்டி என்கிறார்கள். அதே 2022இல் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்தார்கள் என்று வெளியுறவுத் துறை நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. அவர்களைத் திட்டவில்லை, பிழைக்கப் போனவர்கள். ஆனால் ஹூஸ்டன் அரங்கில் நின்று பாரத மாதாவுக்கு ஜே போடும் அமெரிக்கக் குடிமகனை யாரும் சந்தேகிப்பதில்லை. ராமநாதபுரத்திலோ மலப்புரத்திலோ பிறந்து அங்கேயே கடை வைத்திருக்கிற பாயைப் பார்த்துத்தான் பாகிஸ்தானுக்குப் போ என்கிறார்கள்.

இடதுசாரிகளுக்கு ஒருவழியாக 2019 டிசம்பரில் ஞானோதயம் வந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த சாதாரண ஜனங்கள், டில்லி ஷாகீன் பாக் தாய்மார்கள் உட்பட, கையில் மூவர்ணக் கொடியும் வாயில் அரசியல் சட்டத்தின் முகப்புரையுமாக நின்றார்கள். எந்த அரசியல் தலைமைக் குழுவும் தீர்மானம் போட்டு அனுப்பவில்லை. அவர்களைப் பார்த்த பிறகுதான் தோழர்களுக்கு, அட, இந்தக் கொடி நம்முடையதும்தானே என்று தோன்றியது. ஜனங்கள் முன்னால் போக, முன்னணிப் படை பின்னால் வந்தது.

இவ்வளவு சண்டையும் யாருக்காக? நாட்டு மக்களுக்காக என்பார்கள். மூன்று இடத்தைக் காட்டுகிறேன், அந்த மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

முதல் இடம் அசாம். ராணுவத்தில் 30 ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு முஸ்லிம் அதிகாரியை 2019 மே மாதம் வெளிநாட்டவர் என்று தீர்மானித்துத் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். எல்லையில் நிற்கும் சிப்பாயை நினைத்துப் பார் என்று வாய்க்கு வாய் நமக்குச் சொல்கிறவர்கள், எல்லையில் நின்றுவிட்டு வந்த சிப்பாயை முகாமில் நிறுத்தி வைத்தார்கள்.

இரண்டாவது இடம் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து தண்டகாரண்யத்துக்குத் துரத்தப்பட்ட ஏழை அகதிகள், பெரும்பாலும் தலித் மக்கள், இடது முன்னணி ஆட்சிக்கு வந்துவிட்டது, நம்மவர்கள் ஆட்சி என்று நம்பி 1978இல் அந்தத் தீவில் வந்து குடியேறினார்கள். 1979இல் தோழர்களின் அரசு போலீஸ் படகுகளை விட்டுத் தீவை முற்றுகையிட்டது. மே மாதத்துக்குள் குடிசைகளைக் காலி செய்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இன்றுவரை இல்லை. நாடென்றால் மண்ணல்ல, மக்கள் என்று மேடைக்கு மேடை பேசிய கட்சிக்கு, அன்று மக்கள் தொந்தரவாகவும் மண் புனிதமாகவும் தெரிந்தது.

மூன்றாவது இடம் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் ஆத்துப்பாக்கம். 2020 ஆகஸ்ட் 15. ஊராட்சித் தலைவர் ஒரு தலித் பெண். மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற வரச் சொன்னார்கள், பிறகு வரவேண்டாம் என்றார்கள். செய்தி வெடித்த பிறகு, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியரே வந்து நின்று அவரைக் கொடியேற்ற வைத்தார். ஒரு கயிற்றை இழுப்பதற்கு ஐ.ஏ.எஸ். அதிகாரியும் போலீஸும் துணை. அது தனி ஊரின் கதையும் அல்ல. சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு நிறைவில், 2022 ஆகஸ்டில், தலித் ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பெரியார் மண், சமூகநீதி மண் என்று பீற்றிக்கொள்ளும் மண்ணில். அதே சமயத்தில் ஊர் ஊராகப் போய் இதைக் கணக்கெடுத்து வெளியே கொண்டுவந்தது தீண்டாமை ஒழிப்பு முன்னணி; இடதுசாரிகள் நடத்துகிற அமைப்பு. அதற்குக் கும்பிடு. தங்கள் வாழ்நாளில் செய்த உருப்படியான தேசபக்தி இதுதான் என்று மட்டும் தோழர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் என்று 1971இல் ஒன்று போட்டிருக்கிறார்கள். கொடியைக் கிழித்தால், மிதித்தால், எரித்தால் 3 ஆண்டு வரை சிறை. கொடியேற்ற வந்த தலைவரைத் திருப்பி அனுப்பினால்? அது வன்கொடுமைச் சட்டத்தில் போகும். சாதி விவகாரம் என்று கோப்பு கட்டப்படும். தேசம் அவமானப்பட்டதாக எந்தச் சட்டமும் சொல்லாது, எந்தப் பக்தனும் கொதிக்கமாட்டான், எந்தச் சேனலும் இரவு ஒன்பது மணிக்கு அலறாது. ஒரு முழம் பாலியஸ்டருக்கு உள்ள மானம் ஒரு தலைவிக்கு இல்லை என்று இந்த நாடு முடிவு கட்டி வைத்திருக்கிறது. அந்த முடிவில் வலதும் இல்லை, இடதும் இல்லை, திராவிடமும் இல்லை; வழியை மறிக்கிறவன் எந்தக் கரைவேட்டியும் கட்டியிருப்பான்.

ஆகவே இரண்டு தரப்பு வாத்தியார்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். தலித் ஊராட்சித் தலைவர்களைத் தரையில் உட்காரவைக்கிற பஞ்சாயத்து அலுவலகங்கள் இந்த மாநிலத்தில் இருந்ததைப் பத்திரிகைகள் படத்தோடு போட்டிருக்கின்றன. காவித் துண்டோ சிவப்புத் துண்டோ, போட்டுக்கொண்டு அங்கே போங்கள். ஆளுக்கொரு நாற்காலி தூக்கிக்கொண்டு போங்கள். அதில் அந்தத் தலைவர் உட்காரும்வரை வாசலில் நில்லுங்கள், அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். படைக்கு முந்தியதாக ஒருமுறையாவது கணக்கு எழுதலாம். உட்காருவதற்கு நாற்காலி கொடுக்காத நாட்டில், எழுந்து நில் என்று சொல்ல எவனுக்கும் வாயில்லை.